டாக்டரம்மா, அண்ணனுக்கு வந்தது எனக்கும் வருமா?

வாசகர் கேள்வி – பதில்: இதய நலம்

மாரடைப்பு வராமல் காப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் குடியாத்தத்தில் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர், இதய நிபுணர் இல்லை. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவரை முதலில் பார்ப்பது என்னைப் போன்றவர்கள்தான். அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்பே அவரைப் பார்த்திருப்பதும் நாங்கள்தான். காய்ச்சலுக்கு, முதுகுவலிக்கு, பிள்ளையின் தடுப்பூசிக்கு என்று ஏதோ ஒன்றுக்கு வந்திருப்பார். அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கேள்வி: எனக்கு 41 வயது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. என் அண்ணன் போன வருஷம் 46 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். ஒல்லியானவர், சர்க்கரை கிடையாது. சிகரெட் மட்டும் உண்டு. எனக்கு இதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் ராத்திரி படுத்தால் அதே நினைப்புதான். டிரெட்மில், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிடட்டுமா?
– ஆம்பூர் வாசகர்

பதில்: தம்பி, துக்கத்தோடு பயமும் சேர்ந்துகொண்டால் தூக்கம் எப்படி வரும்? உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அப்பாவுக்கோ கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால், மற்றவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்றுதான் நாங்களும் கணக்கில் வைப்போம். நம் நாட்டுக்காரர்களுக்குச் சின்ன வயதிலேயே வருகிறது என்பதும் உண்மை. இன்டர்ஹார்ட் என்று 52 நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் என்ற இதய மருத்துவர் தலைமையில் நடந்த அந்த ஆய்வில், முதல் மாரடைப்பின் சராசரி வயது இந்தியா உள்ளிட்ட தெற்காசியர்களுக்கு 53, மற்ற நாட்டுக்காரர்களுக்கு ஏறக்குறைய 59.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. 2004இல் வெளிவந்த அதன் முடிவுப்படி, முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு ஒன்பது விஷயங்களே காரணம். புகைபிடித்தல், ரத்தத்தில் கெட்ட கொழுப்பு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம் ஆகிய ஆறும் ஆபத்தைக் கூட்டுபவை. காய்கறி பழம் குறைவாகச் சாப்பிடுவது, உடலுக்கு வேலை கொடுக்காதது இரண்டும் அதே வரிசையில் வரும். ஒன்பதாவது குடிப்பழக்கம் சம்பந்தப்பட்டது, அதற்குக் கீழே தனியாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்பதில் எதையும் நாம் கை கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதில்லை. அண்ணனுக்கும் உங்களுக்கும் பொதுவாக இருந்திருக்கக்கூடியது ரத்த உறவு மட்டும் இல்லை. ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே மாதிரி வேலை, ஒரே டீக்கடை இவையும்தான்.

சரி, டிரெட்மில்லில் நடக்கவைத்து ஈ.சி.ஜி. எடுக்கும் சோதனை விஷயத்துக்கு வருவோம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், மூச்சு வாங்கல் எதுவும் இல்லாதவர் எடுத்த எடுப்பில் டிரெட்மில்லுக்குப் போக வேண்டியதில்லை. ரத்தக்குழாய் நன்றாகச் சுருங்கியிருந்தால்தான் அந்தச் சோதனையில் பெரும்பாலும் தெரியும். பல மாரடைப்புகள் பாதிகூட அடைக்காத சின்னக் கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. நேற்று டிரெட்மில்லில் ‘நார்மல்’ வந்த தைரியத்தில் இன்று சிகரெட்டைப் பற்றவைப்பவரை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவை நான்கு: ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு மூன்று மாதச் சராசரி, கொழுப்புப் பரிசோதனை, இடுப்புச் சுற்றளவு. கடைசியதற்கு லேப் வேண்டாம், தையல்காரரின் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். நம் ஊர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வரைதான் சரி. கை கால் குச்சியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருப்பவர்களை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன். தராசில் எடை சரியாகத்தான் காட்டும். டேப் வைத்தால்தான் உண்மை தெரியும்.

பிரஷர் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்து, கிளினிக் மாடிப்படி ஏறி, உடனே கையை நீட்டினால் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும், கால்மேல் கால் கூடாது. கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். சட்டைக்கு மேலே பட்டையைச் சுற்ற விடாதீர்கள். முந்தைய அரைமணி நேரத்தில் டீ, காபி, சிகரெட் எதுவும் வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம், அளக்கும்போது பேசவும் வேண்டாம். ஒரு நிமிஷம் விட்டு இரண்டாவது தடவை எடுக்கச் சொல்லுங்கள். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் அது ரத்தக்கொதிப்பு. 41 வயதில் தலைசுற்றலோ தலைவலியோ இல்லாமலேயே 170 வைத்துக்கொண்டு நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் தெரியாது என்பதுதான் இந்த நோயின் கொடுமை.

இந்த எண்களோடு உங்கள் டாக்டரிடம் போய் அண்ணன் விஷயத்தையும் சொல்லுங்கள். எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு எவ்வளவு, அதற்கு மாத்திரை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். பிரஷரும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்ப்பார்கள். அப்புறம் ஒன்று: அண்ணன் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கும் உங்களைப் போலவே இது நெருங்கிய குடும்ப வரலாறுதான். இருபது வயது தாண்டியவர்களுக்கு ஒரு தடவையாவது கொழுப்பும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். சித்தப்பாவாக நீங்கள் கூட்டிக்கொண்டு போனால் வருவார்கள்.

ராத்திரி நினைப்பு பல வாரமாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

கேள்வி: நான் பீடி சுற்றுகிறேன். என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிக்கிறார். கேட்டால், “சிகரெட்டில்தான் கெமிக்கல், இது வெறும் இலைதானே” என்கிறார். உண்மையா? சுற்றுவதால் எனக்கும் இதயத்துக்குக் கெடுதல் வருமா?
– பேரணாம்பட்டு வாசகி

பதில்: இல்லை அம்மா, உண்மை இல்லை. இலை என்பதால் எதுவும் குறைந்துவிடவில்லை. பீடி சும்மா வைத்திருந்தால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. சிகரெட்டைவிடக் கூடுதலான கார்பன் மோனாக்சைடும் தாரும் நிக்கோட்டினும் உள்ளே போகின்றன. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிக்கோட்டின் நாடித்துடிப்பையும் பிரஷரையும் ஏற்றுகிறது. புகையில் இருக்கும் மற்றவை ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி, ரத்தம் சட்டென்று உறையும்படி செய்கின்றன. மாரடைப்பு வருவதற்கு வேறென்ன வேண்டும்?

“சரி, ஒரு கட்டை இரண்டு மூன்றாகக் குறைத்துக்கொள்கிறேன்” என்று அவர் சொல்லலாம். நுரையீரலுக்கு அது கொஞ்சம் நல்லது. இதயத்துக்குப் போதாது. சிகரெட்டில் செய்த ஆய்வுகளில், நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்குக் கூடுகிற இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி கூடுகிறது என்று தெரிய வந்தது. இதயத்தைப் பொறுத்தவரை முழுக்க விடுவதுதான் விடுவது. விட்டால் பலனும் சீக்கிரம் கிடைக்கும். ஒரு வருஷம் தாண்டினால் புகையால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்தில் பாதி குறைந்துவிடுகிறது. இவ்வளவு வேகமாக வேலை செய்யும் இதய மருந்து என் மேசையில் எதுவும் இல்லை.

எப்படி விடுவது? முதல் இரண்டு வாரம்தான் மிகக் கஷ்டம். எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் வரும். வீட்டில் கத்துவார். அதை அவருடைய குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நிக்கோட்டின் இறங்குகிறது, அவ்வளவுதான். ஆசை வந்தால் சில நிமிஷத்தில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி, தெரு முனைவரை ஒரு நடை. சாப்பிட்ட கையோடு பற்றவைக்கும் பழக்கம் இருந்தால், சாப்பிட்டதும் எழுந்து பல் துலக்கிவிடச் சொல்லுங்கள். நிக்கோட்டின் சூயிங்கம் டாக்டரைக் கேட்டு வாங்கலாம். அதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். 1800 11 2356 என்று மத்திய அரசின் இலவச எண் இருக்கிறது, புகையிலையை விட விரும்புகிறவர்களுக்குப் பேசி உதவுவார்கள். பீடியை விட்டு வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இனி உங்கள் விஷயம். உங்கள் கூலியை விடச் சொல்லி எழுத எனக்கு மனம் வராது. அந்தக் கூலியில் எத்தனையோ பெண்பிள்ளைகள் பத்தாவது தாண்டியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் தூள் மூச்சில் போகிறது, நிக்கோட்டின் விரல் தோல் வழியாகவும் உள்ளே போகிறது. முறத்தை ஜன்னல் ஓரம், காற்றோட்டமான திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கை மறைத்துத் துணி கட்டுங்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டும் முன்பும் நீங்கள் சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் இன்னும் எச்சரிக்கை தேவை. அவர் வீட்டுக்குள் குடிக்கும் பீடிப்புகை உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாரடைப்பு, ஆஸ்துமா இரண்டுக்கும் காரணமாகலாம். வாசலுக்கு வெளியே என்ற சட்டத்தை இன்றே போடுங்கள்.

தூளைவிட எனக்குப் பெரிய கவலை, நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தே இருப்பது. அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து இரண்டு நிமிஷம் நடங்கள். கர்ப்ப காலத்தில் உங்களுக்குப் பிரஷரோ சர்க்கரையோ வந்திருந்ததா? பிரசவம் ஆனதும் சரியாகிவிட்டது என்று விட்டிருப்பீர்கள். அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வாய்ப்பு கூடுதல். வருஷத்துக்கு ஒரு முறை இரண்டையும் பாருங்கள். நம் வீடுகளில் வீட்டுக்காரருக்கு ஈ.சி.ஜி. எடுக்க ஓடுகிற பெண்கள் தங்கள் கையில் பிரஷர் பட்டை சுற்றியே பல வருஷம் ஆகியிருக்கும்.

கேள்வி: வயது 63, ஓய்வு பெற்ற ஆசிரியர். தினமும் காலையில் வேலூர் கோட்டையைச் சுற்றி நடக்கிறேன். போன மாதம் சோளிங்கர் மலை ஏறும்போது நெஞ்சு இறுகியது போல் இருந்தது. உட்கார்ந்தேன், சரியாகிவிட்டது. வயதுதானே காரணம்? இன்னும் வேகமாக நடந்து பழகினால் சரியாகுமா?
– சத்துவாச்சாரி வாசகர்

பதில்: ஐயா, இதைப் படித்து முடித்ததும் நடையை நிறுத்திவிட்டு ஒரு டாக்டரைப் போய்ப் பாருங்கள். இன்றைக்கே.

ஏறும்போது இறுக்கம், உட்கார்ந்தால் சரியாவது – இது வயது இல்லை. இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கான பாடப்புத்தக அடையாளம். சோளிங்கரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். நீங்களே அறியாமல் அங்கே ஒரு டிரெட்மில் சோதனை நடந்துவிட்டது. மேலே ஆம்பூர்த் தம்பிக்கு வேண்டாம் என்றேனே, உங்களுக்கு அது வேண்டும், அல்லது அதைவிடத் துல்லியமான வேறு சோதனை வேண்டும். எது என்று இதய மருத்துவர் சொல்வார். சாதாரண ஈ.சி.ஜி. படுத்திருக்கும்போது எடுப்பது. அது சரியாக இருந்தாலும், “படி ஏறினால் வருகிறது” என்ற வார்த்தையைச் சொல்லாமல் திரும்பி வராதீர்கள். அதுவரை மலை, மாடி, கனமான பை எதுவும் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த தூரத்தில் வந்தாலோ அப்போதே ஆஸ்பத்திரி.

மற்ற வாசகர்களுக்காக நடையைப் பற்றி: வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது ஐந்து நாள் அரைமணி. பக்கத்தில் வருபவரோடு பேச முடியும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதாது என்ற வேகம். அகழியோரம் நின்று நண்பர்களோடு அரட்டை அடித்த நேரம் கணக்கில் வராது. சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆறரை மணிக்குள் முடித்துவிடுங்கள். முட்டிவலிக்காரர்கள் சைக்கிள் மிதிக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கலாம்.

கேள்வி: ஆறு பேர் குடும்பம். ரேஷன் பாமாயில்தான் பொரிக்க, கடலை எண்ணெய் தாளிக்க. வடை சுட்ட எண்ணெயை வீணாக்காமல் அடுத்த நாள் குழம்புக்கு ஊற்றுவேன். மாமனாருக்குக் கொழுப்பு அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். என்ன எண்ணெய்க்கு மாறலாம்?
– ஆற்காடு வாசகி

பதில்: எந்த எண்ணெய் என்பதற்கு முன்னால் எவ்வளவு எண்ணெய் என்று பார்ப்போம். ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர். ஆறு பேருக்கு மூன்று லிட்டர், எல்லா எண்ணெயும் சேர்த்து. மாதம் பிறந்ததும் மூன்று லிட்டரைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அது எத்தனாம் தேதி தீர்கிறது என்று பார்த்தாலே உங்கள் வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். பாட்டிலிலிருந்து நேராக வாணலியில் கவிழ்க்காமல் ஸ்பூனால் அளந்து விட்டாலே பெரிய மாற்றம் வரும்.

பாமாயிலில் பத்தில் நாலு பங்குக்கு மேல், கெட்ட கொழுப்பை ஏற்றுகிற வகைக் கொழுப்பு. கடலை எண்ணெயில் அது இரண்டு பங்குகூட இல்லை. மாமனார் சாப்பாட்டுக்குக் கடலை எண்ணெயே இருக்கட்டும், நல்லெண்ணெயும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பாமாயிலைத் தூக்கிக் கொட்டச் சொல்லவில்லை, விலைவாசி எனக்கும் தெரியும். கொஞ்சமாக, பொரிக்காமல் பயன்படுத்துங்கள். வனஸ்பதியை மட்டும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு எல்லாவற்றையும்விடக் கெட்டது என்பதால்தான் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சட்டம் போட்டது.

வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். கறுத்து, நுரைத்து, புகைகிற எண்ணெய் ரத்தக்குழாய்க்கு ஆகாது. வீணாகிறதே என்று மனசு கேட்காவிட்டால், வடையைச் சின்ன வாணலியில் கொஞ்சம் எண்ணெயில் சுடுங்கள், மிஞ்சவே மிஞ்சாது. சாயங்காலப் பலகாரத்துக்கு நம் மண்ணிலேயே வேர்க்கடலை விளைகிறது. வேகவைத்த ஒரு கைப்பிடி போதும், உப்பு வேண்டாம். ஜவ்வாது மலைச் சாமை கிடைத்தால் வாரத்தில் சில வேளை அரிசிக்குப் பதில் வையுங்கள். ஆனால் சாமையையும் அரிசியைப் போலக் குவித்துச் சாப்பிட்டால் பயன் இல்லை. தட்டில் பாதி காயாக இருக்க வேண்டும்.

காய் என்றதும் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஞாபகம் வருகிறது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்க் காய். எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தால் அது எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும், நீங்கள் ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள். அதையே தணலில் சுட்டு, தோலுரித்து, சின்ன வெங்காயம் பச்சைமிளகாய் சேர்த்துக் கடைந்து கொத்சு வைத்துப் பாருங்கள். எண்ணெய் ஒரு ஸ்பூன் தாண்டாது. மாமனாருக்கும் பத்தியச் சாப்பாடு என்ற வருத்தம் இருக்காது. உங்கள் ஊர் மக்கன் பேடாவைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள்! பொரித்துப் பாகில் ஊறியது. தீபாவளி, ரம்ஜான், கல்யாணம் என்று விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

உப்புக்கும் ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன் அளவு. ஆறு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஒரு மாதத்தைத் தாண்டி வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், கடை மிக்சர் வழியாக வரும் உப்பு தனி. அவை தினமும் உண்டென்றால் பாக்கெட் இன்னும் நாள் தாங்க வேண்டும். சோற்றில் உப்புப் போட்டு வடிப்பதையும், இலையில் உப்பு வைப்பதையும் நிறுத்துங்கள். சில வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

சில சின்னக் கேள்விகள்

இந்துப்புக்கு மாறிவிட்டோம், பிரஷர் குறையுமா என்று வாணியம்பாடியிலிருந்து ஒருவர் கேட்கிறார். குறையாது. நிறம்தான் வேறு, அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்த்த உப்பையே கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ‘லோ சோடியம்’ உப்பை டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது, அதில் பொட்டாசியம் இருக்கும்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையுமா? வாட்ஸ்அப்பில் வந்ததாகத் தோட்டப்பாளையத்து அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். கரையாது அம்மா. பூண்டு நல்ல உணவு, ரசத்தில் போடுங்கள். ஆனால் அடைப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர் அதை நிறுத்திவிட்டு இந்தச் சாற்றைக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

பிராந்தி அளவோடு குடித்தால் இதயத்துக்கு நல்லதாமே? காட்பாடி நண்பரே, மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்டர்ஹார்ட் ஆய்வில் மிதமான குடி நல்லது போலத் தெரிந்தது உண்மைதான், அந்தக் கருத்து பிறகு ஆட்டம் கண்டுவிட்டது. குடிக்காதவர் இதயத்துக்காகத் தொடங்க வேண்டாம்.

மேல்விஷாரம் பாய், வாரம் ஒரு பிரியாணியை உங்களிடமிருந்து பிடுங்க மாட்டேன். மட்டனை இரண்டு மூன்று துண்டாகக் குறைத்து, கொழுப்பை ஒதுக்கிவிட்டு, தயிர்ப் பச்சடியில் வெங்காயம், வெள்ளரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அன்று ராத்திரிச் சாப்பாடு சிம்பிளாக இருக்கட்டும். முட்டை நாளைக்கு ஒன்று பெரும்பாலானவர்களுக்குத் தப்பில்லை. சர்க்கரையோ அதிகக் கொழுப்போ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது, சர்க்கரை உண்டு. பதினைந்து நாள் முன்பு ராத்திரி நெஞ்சு எரிகிறது என்றார். சோடாவும் ஓமத்தண்ணீரும் கொடுத்தேன். வேர்த்துக் கொட்டியது. விடிவதற்குள் சரியாகிவிட்டது. கேஸ்தானே?
– அணைக்கட்டு வாசகி

பதில்: கேஸ் என்று நானோ நீங்களோ சொல்ல முடியாது அம்மா. ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்லும். பதினைந்து நாள் ஆகிவிட்டது என்று விடாதீர்கள், நாளைக் காலையிலேயே கூட்டிப்போய் ஈ.சி.ஜி., எக்கோ என்கிற இதய ஸ்கேன் இரண்டும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு எப்போதும் சினிமாவில் வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாகவே வராது. மேல்வயிற்றில் எரிச்சல், தாடையில் வலி, முதுகில் பாரம், காரணமில்லாத மூச்சு வாங்கல், குமட்டல், சோர்வு என்றும் வரலாம். சேர்ந்து வேர்த்துக் கொட்டினால் அதை மாரடைப்பு என்று நினைத்தே ஓட வேண்டும். கேஸாக இருந்துவிட்டால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

இன்னொரு தடவை வந்தால் சோடா வாங்க ஆள் அனுப்பாமல் 108க்குப் போன் செய்யுங்கள். அவரை நடக்க விடாதீர்கள், பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதீர்கள். சாய்ந்து உட்காரட்டும். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ரத்தம் உறையாமலிருக்கும் அவசர மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று எடுக்க வேண்டும். உறைவைக் கரைக்கும் ஊசியோ, அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ, ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே போகும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. 1961லேயே திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி நம் ஊரில் இருக்கிறது, வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், நமக்கென்ன கவலை என்று. அவ்வளவு தூரத்திலிருந்து அவர்கள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அணைக்கட்டிலிருந்து வேலூர் வர நாம் விடியட்டும் என்று காத்திருக்கிறோம். தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

கேள்வி: நான் விவசாயி, வயது 55. பிரஷர் மாத்திரை ஆறு மாதமாகச் சாப்பிட்டேன். இப்போது பார்த்தால் 126/80. நார்மல் ஆகிவிட்டதே, நிறுத்திவிடலாமா? நிலத்தில் வேலை செய்கிறவனுக்கு இதெல்லாம் வருமா என்பதே எனக்கு ஆச்சரியம்.
– கணியம்பாடி வாசகர்

பதில்: உங்கள் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களிலும் வேலூர் நகரத்திலும் 1990களின் தொடக்கத்தில் ஒரு தடவையும், சுமார் இருபது வருஷம் கழித்து இன்னொரு தடவையும் மக்களைப் பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் கிராமத்திலும் எடை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மூன்றும் நன்றாக ஏறியிருந்தன. ஏன் என்று உங்களுக்கே தெரியும். மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த இடத்தில் மோட்டார் ஸ்விட்ச், நடந்து போன வரப்புக்கு பைக், கூழுக்குப் பதில் மூன்று வேளையும் அரிசி, பஸ் நிறுத்தத்தில் பஜ்ஜிக் கடை. விவசாயி என்பதால் மட்டும் பாதுகாப்பு என்ற காலம் போய்விட்டது.

126/80 வந்தது மாத்திரையால். நோய் போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. நிறுத்தினால் சில நாளிலோ வாரத்திலோ பழைய இடத்துக்கே ஏறிவிடும், ஏறுவது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் படபடப்பும் நெஞ்சுவலியும்கூட வரும். உப்பைக் குறைத்து, எடையைக் குறைத்து, நடந்து, குடியை விட்டவர்களுக்கு டாக்டரே மாத்திரையின் அளவைக் குறைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு வீட்டில் அளந்த கணக்கு வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் காலையில் மாத்திரைக்கு முன் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.

அறுவடை நேரத்தில் ஆஸ்பத்திரி போக முடியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஊர் செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். கடும் வெயிலில் வேலை செய்து, வயிற்றுப்போக்கும் சேர்ந்து தலைசுற்றினால் பிரஷரை அளந்து பார்த்து டாக்டருக்குப் போன் செய்யுங்கள், சிறுநீரைக் கூட்டும் மாத்திரையாக இருந்தால் அளவை மாற்ற வேண்டியிருக்கும். ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம்.